துரை சாய்ந்து சாப்பிட்ட தீபாவளி

என்னிடம் ஒரு குறை உண்டு. எதையாவது நோட்டுப் புத்தகத்தில் எழுதி அடியில் கோடு போட்டுவிட்டால், அது உண்மை என்று நம்பிவிடுவேன். சிவப்பு மையில் கோடு போட்டுவிட்டால் இன்னும் மோசம், அதற்காக யாரோடும் சண்டைக்குப் போவேன். இருபது வருடங்களுக்கு முன் இந்தக் குறையால் ஒரு வெள்ளைக்காரத் துரையின் முதுகை முறிக்கப் பார்த்தேன். உயிரோடு இருந்த அவருக்கு ஒப்பாரியும் வைக்கச் செய்தேன். இரண்டும் ஒரே தீபாவளி நாளில், பகல் பன்னிரண்டே முக்காலுக்கும் மூன்றேகாலுக்கும் இடையில் நடந்தவை. நேரத்தை ஞாபகத்திலிருந்து சொல்லவில்லை. அந்த வருடத்து டயரி இதோ மேசைமேல் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழுப்புக் கறை. அது எப்படி வந்தது என்பதையும் அதனதன் இடத்தில் சொல்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. இலங்கை மலைநாட்டில், அக்கரப்பத்தனைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தேன். பள்ளிக்கூடம் என்பது பேருக்குத்தான். விடிகாலையில் ஆட்களைக் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்து அனுப்பும் பெரட்டுக்களத்தின் ஓரத்தில் ஒரு கொட்டகை. இடுப்பளவு சுவர், மேலே தகரக் கூரை. நாற்பத்திரண்டு பிள்ளைகள், ஒரு கரும்பலகை, ஒரு நாற்காலி. அந்தக் கூரையில் பதினோரு இடத்தில் ஒழுகியது. பதினொன்றுக்கும் இலக்கம் போட்டு, எங்கே எப்படி ஒழுகுகிறது என்று படம் வரைந்து வைத்திருந்தேன். நான்காம் இலக்கம்தான் பெரியது. ஏழாம் இலக்கம் வஞ்சகமானது, மழை விட்ட பிறகும் சொட்டும். மழை பிடித்தால் (அந்த ஊரில் மழை பிடிக்காத நாளைத்தான் எண்ணிச் சொல்லலாம்) பிள்ளைகள் சிலேட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில் நெருக்கியடித்து உட்காருவார்கள். சிலேட்டில் எழுதியது வயிற்றில் அழியும். மறுநாள் வாய்ப்பாட்டை முதலிலிருந்து தொடங்குவோம்.

தோட்டத்தில் பழைய அரிசி ஸ்டோர் ஒன்று இருந்தது. கருங்கல் சுவர், ஒரு சொட்டும் ஒழுகாத கூரை. புதிய ஸ்டோர் கட்டியதும் அது காலியானது. அதைப் பள்ளிக்கூடத்துக்குத் தரவேண்டும் என்று துரைக்கு இரண்டு மனுப் போட்டேன். இரண்டாவதோடு ஒழுகல் படத்தையும் இணைத்தேன். பதில் இல்லை. அதற்குள் பங்களாவிலிருந்து வேறு செய்தி வந்தது. துரை புதுக் கார் வாங்கியிருக்கிறார், அதை நிறுத்த அரிசி ஸ்டோரின் முன்சுவரை இடிக்கப் போகிறார்கள், தீபாவளி கழிந்ததும் வேலை தொடங்கும்.

நான் ஓடியது பெரிய கங்காணி வீரமுத்துவிடம். தோட்டத்து ஆட்களுக்கெல்லாம் தலைவர். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய தலைப்பாகை. துரையிடம் நேருக்கு நேர் பேசக்கூடிய தமிழர் அவர் ஒருவர்தான். வருடா வருடம் தீபாவளியன்று துரை அவர் வீட்டுக்கு வருவார், மாலை போட்டுக்கொள்வார், நின்றபடியே ஒரு வாழைப்பழம் தின்பார், போய்விடுவார். மொத்தம் ஏழு நிமிடம்.

"ஏழு நிமிசத்துல பள்ளிக்கூடம் கேக்க முடியாதுங்க மாஸ்டர்," என்றார் கங்காணி. "ஒக்கார வச்சு, வயிறு நெறைய சாப்பிட வச்சு, பாயாசத்துக்கு அப்புறம் கேக்கணும். அவங்க நாட்டுல பெரிய மனுசங்களுக்கு எப்படி விருந்து வைப்பாங்கன்னு நீங்க பொஸ்தகத்துல பாத்துச் சொல்லுங்க. அதே மாதிரி செஞ்சுப்புடுவோம்."

அவர் இப்படி ஒருமுறை சொல்லியிருக்கக்கூடாது.

என்னிடம் ஒரு சரித்திரப் புத்தகம் இருந்தது. அட்டை போய்விட்டது, முதல் பதினாறு பக்கமும் இல்லை. அதில் பழைய ரோமாபுரி நகரத்துப் பிரபுக்கள் விருந்துண்ணும் விதத்தைப் பற்றி ஒரு பாராவும் ஒரு சித்திரமும் உண்டு. நடுவில் ஒரு சிறு மேசை. அதன் மூன்று பக்கமும் மூன்று மஞ்சங்கள். விருந்தாளிகள் மஞ்சத்தில் சாய்ந்து படுத்து, இடது முழங்கையைத் தலையணையில் ஊன்றி, வலது கையால் எடுத்துச் சாப்பிடுகிறார்கள். உட்கார்ந்து சாப்பிடுவது பெண்பிள்ளைகளுக்கும் சிறுவர்களுக்கும் அடிமைகளுக்கும்தானாம். நான் அதை நோட்டில் எழுதி நீல மையில் கோடு போட்டேன். சிவப்புக் கோட்டுக்கு எனக்கு இரண்டாவது ஆதாரம் வேண்டும். அந்த மட்டில் நான் ஒழுங்கான ஆள்.

இரண்டாவது ஆதாரம் அந்தோணி. துரை பங்களாவின் சமையற்காரர். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும் மனிதர், அதற்கு மேல் ஒரு எழுத்து பேசமாட்டார். தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு பாதையில் அவரைப் பார்த்தபோது, துரை எப்படி உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்று கேட்டேன்.

"ஒக்காந்து எங்க மாஸ்டர்? நீட்டு நாற்காலியில சாஞ்சுக்கிட்டுத்தான். காலை மேல தூக்கிப் போட்டுப்பாரு. தட்டை நெஞ்சுக்கிட்ட பிடிச்சுக் குடுக்கணும்."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. ரோமாபுரி வழக்கம் அப்படியே வெள்ளைக்காரர் வீட்டுக்குள் உயிரோடு இருக்கிறது. வெளியே சாதாரண மனிதர்கள் மாதிரி நாற்காலியில் உட்காருகிறார்கள், வீட்டுக்குள் பிரபுக்கள் மாதிரி சாய்ந்து சாப்பிடுகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் சிவப்பு மைக்கூட்டைத் திறந்தேன்.

ஏன் சாய்ந்து சாப்பிடுகிறார், எத்தனை நாளாக என்று நான் கேட்கவில்லை. கேட்காததால் அந்தோணியும் சொல்லவில்லை. அதற்கு மூன்று நாள் முன்புதான் துரை மோட்டார் சைக்கிளோடு பாதையோரத்துத் தண்ணீர்க் கானுக்குள் விழுந்து முதுகைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். (நான் தபாலுக்கு அட்டன் டவுனுக்குப் போயிருந்த நாள். தோட்டம் முழுக்கத் தெரிந்த விஷயம் எனக்கு மட்டும் தெரியாது. எனக்குத் தெரியும் என்று மற்ற எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.)

கங்காணியிடம் சித்திரத்தைக் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"இவங்க எல்லாம் ராசாங்களா?"

"பிரபுக்கள்."

"நானும் படுக்கலாமா?"

"வீட்டுக்காரருக்கு இடதுபக்கத்து மஞ்சம்."

அந்தக் கணத்திலேயே அவர் முடிவு செய்துவிட்டார் என்று நினைக்கிறேன். ராஜா மாதிரி படுத்துச் சாப்பிட யாருக்குத்தான் ஆசை இருக்காது. மூன்றாவது மஞ்சம் யாருக்கு என்று கேட்டார். துரைக்கு விளக்கம் சொல்ல ஒரு ஆள் வேண்டுமே என்று அடக்கமாகச் சொன்னேன். என் பெயரைச் சித்திரத்தின் ஓரத்தில் பென்சிலால் ஏற்கனவே எழுதி வைத்திருந்தேன்.

மஞ்சத்துக்கு எங்கே போவது? தேயிலை ஃபெக்டரியின் மேல்மாடியில் கொழுந்து வாட்டுவதற்குச் சாக்குத்துணியை இழுத்துக் கட்டிய தட்டுகள் வரிசை வரிசையாக இருக்கும். கிழிந்தவற்றைக் கழித்து மூலையில் போட்டிருந்தார்கள். ஃபெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கரிடம் கெஞ்சி மூன்றுக்குத் தேவையான துணி வாங்கினேன். ஆசாரி ஆறடி நீளம், இரண்டரை அடி அகலத்தில் மூன்று சட்டம் அடித்துக் கால் வைத்துக் கொடுத்தார். நல்ல துணியைத் துரைக்கும், அடுத்ததைக் கங்காணிக்கும், மீந்ததை எனக்கும் கட்டினேன். முழங்கை ஊன்றத் தலையணையும் மெத்தையும் வேண்டும். பஞ்சு வாங்க அட்டனுக்குப் போகவேண்டும். ஆனால் ஃபெக்டரியில் தேயிலையைச் சலிக்கும்போது பறந்து ஒதுங்குகிற தூசி இருக்கிறதே, பழுப்பாக, தொட்டால் பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கும். அதை யாரும் எதற்கும் எடுப்பதில்லை. எட்டுச் சாக்கு அள்ளிவந்து தைத்து, மேலே வெள்ளைத்துணி போர்த்தினேன். தட்டிப் பார்த்தால் துரையின் பங்களாவிலும் இப்படி ஒரு மெத்தை இருக்காது போலிருந்தது. வாசனை வேறு.

இதையெல்லாம் கங்காணி வீட்டு முன்கூடத்தில் அடுக்கிக்கொண்டிருந்தபோது சிவகாமி வந்து நின்றாள். கங்காணியின் தங்கை மகள். தாய் இறந்த பிறகு மாமன் வீட்டில் இருந்தாள். அந்த வீட்டில் யோசித்துப் பேசுகிறவள் அவள் ஒருத்திதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அன்று தெரியவில்லை.

"மாஸ்டர், இன்னும் தொரைக்குச் சொகமாகலையா?"

"துரைக்கு என்ன? நன்றாகத்தான் இருக்கிறார்," என்றேன் நான்.

"அப்புறம் ஏன் படுக்க வச்சுச் சோறு போடுறீங்க? நம்ம பக்கம் சீக்காளிக்குத்தானே அப்படிக் குடுப்பாங்க."

நான் அவளுக்கு ரோமாபுரியைப் பற்றிக் கால் மணி நேரம் பிரசங்கம் செய்தேன். அவள் கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள்.

"சரி மாஸ்டர். ரசத்தை எங்க ஊத்துறது?"

அதற்கு என் நோட்டில் பதில் இல்லை. டம்ளரில் கொடுக்கலாம் என்று அந்த இடத்திலேயே தீர்மானித்து, கம்பீரமாகச் சொன்னேன்.

தீபாவளியன்று பன்னிரண்டே முக்காலுக்குத் துரை வந்தார். ஆறடிக்கு மேல் உயரம், வெள்ளை டிரில் கோட்டு, வெள்ளைக் கால்சட்டை. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துப் பக்கம் தப்பு அடித்து ஆடிக்கொண்டிருந்தார்கள். மாலை போட்டோம். உள்ளே வந்தவர் மூன்று மஞ்சத்தையும் பார்த்து அப்படியே நின்றார். பதிமூன்று நாள் முதுகைச் சாய்த்தே கிடந்து, அன்று காலையில்தான் எழுந்து நடக்க அனுமதி வாங்கியிருந்த மனிதர் அவர் என்பதை இப்போது நினைத்தால் எனக்கே பாவமாக இருக்கிறது.

"என்ன மாஸ்டர், இது ஆஸ்பத்திரியா?" என்றார். கொழுந்து எடுக்கிறவர்களிடம் கற்ற தமிழ் அவருடையது.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ரோமாபுரியை விளக்கினேன். அவர் முகம் மாறியது. சிறு வயதில் பள்ளிக்கூடத்தில் லத்தீன் படித்தவராம், படிக்காத நாளில் பிரம்படி பட்டவராம். இந்த மலையுச்சியில், ஒரு கங்காணி வீட்டில், அந்த லத்தீன்காரர்கள் வந்து தன்னைப் பிடித்துக்கொள்வார்கள் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். சிரித்துவிட்டார். பிறகு கையால் இடுப்பைத் தாங்கிக்கொண்டு, மெதுமெதுவாக நடு மஞ்சத்தில் சாய்ந்தார். மஞ்சம் தாங்கியது. பூட்ஸ் இரண்டும் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

அடுத்து கங்காணி. கோட்டும் தலைப்பாகையுமாகச் சரிந்தார். தலைப்பாகை படுப்பதற்காகக் கட்டப்பட்டதல்ல, முன்னால் வந்து ஒரு கண்ணை மூடியது. அவர் ஒற்றைக் கண்ணால் கம்பீரமாகப் பார்த்தார். நானும் என் மஞ்சத்தில் ஏறினேன். அடியில் ஏதோ 'கிர்' என்றது. கவனிக்கவில்லை.

சாய்ந்து சாப்பிடுவதைப் பற்றி அந்தப் புத்தகம் சொல்லாத சில விஷயங்களை இங்கே குறித்துவைக்கிறேன். ஒன்று, இடது கை ஐந்து நிமிடத்தில் மரத்துப் போகும். பிறகு அது உங்களுடையதா பக்கத்து மஞ்சத்துக்காரருடையதா என்று தெரியாது. இரண்டு, ரோமாபுரிக்காரர்கள் நிச்சயமாகச் சோறும் குழம்பும் சாப்பிட்டிருக்க முடியாது. சித்திரத்தில் திராட்சைக் குலைதான் இருந்தது, அதை நான் யோசித்திருக்க வேண்டும். முக்காலியில் விரித்த வாழை இலையிலிருந்து வாய்க்குப் போகும் ஒரு கவளத்தில் பாதி வழியிலேயே கழுத்துக்குள் இறங்கியது. வடை ஒன்றுதான் இரண்டு நாகரிகத்துக்கும் பொதுவாக ஒத்துழைத்தது. துரைக்குக் கரண்டி கொடுத்திருந்தோம். கோழிக்குழம்பை நெஞ்சில் ஊற்றாமல் சாப்பிட்டவர் அவர் ஒருவர்தான். பதிமூன்று நாள் பழக்கம்.

சிவகாமி பரிமாறினாள். அவள் முகத்தில் எதுவும் தெரியவில்லை. ஆனால் சமையலறைக்குள் போகும்போதெல்லாம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டே போனாள்.

பாயாசம் வந்தது. துரை குடித்தார். "நல்லா இருக்கு," என்றார். இதுதான் நேரம். கங்காணி கேட்கவேண்டும். நான் கண்ணால் சாடை காட்டினேன். இன்னொரு தடவை காட்டினேன்.

கங்காணியிடமிருந்து ஒரு நீண்ட குறட்டை வந்தது.

முப்பது வருடமாகப் பகல் சாப்பாட்டுக்குப் பின் படுக்கிற மனிதர் அவர். சாப்பாட்டையும் படுக்கையையும் ஒன்றாகக் கொடுத்தால் அவர் உடம்பு என்ன செய்யும்? தலைப்பாகை இரண்டாவது கண்ணையும் மூடியிருந்தது. துரை மரியாதைக்காகக் குறட்டை கேட்காத மாதிரி கூரையைப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

கதவோரத்திலிருந்து சிவகாமி மெல்லிய குரலில், "மாமா எந்திரிக்க மாட்டாங்க. நீங்களே கேளுங்க," என்றாள்.

நான் துரையிடம் வாய்விட்டு எதையும் கேட்டதே கிடையாது, மனுத்தான் எழுதுவேன். ஆனால் நாளை மறுநாள் சுவரை இடிக்க ஆள் வரும். நாற்பத்திரண்டு சிலேட்டையும் நினைத்துக்கொண்டேன். படுத்தபடி கேட்பது மரியாதையல்ல என்று தோன்றி, எழுந்து நிற்பதற்காக மரத்துப்போன இடது கையை ஊன்றி, "துரை, பழைய அரிசி ஸ்டோர்..." என்று தொடங்கினேன்.

கழித்துப்போட்ட தட்டுகளிலேயே கழித்துப்போட்ட துணி எனக்குக் கட்டியது. அது தலைமாட்டிலிருந்து கால்மாட்டுவரை ஒரே கிழியாகக் கிழிந்தது. இடுப்பு கீழே போனது. கால்கள் மேலே வந்தன. சட்டத்துக்கு மேலே என் தலையும் இரண்டு பாதங்களும் மட்டும் தெரிந்தன. மெத்தையும் பிளந்துவிட்டது. முன்கூடம் முழுக்கத் தேயிலைத் தூசி மேகமாக எழுந்தது. அந்த மேகத்துக்குள்ளிருந்து, தொடங்கிய வாக்கியத்தை முடிக்காமல் விடக்கூடாது என்ற ஒழுங்கு உணர்வில், "...பள்ளிக்கூடத்துக்கு வேணும் துரை," என்று முடித்தேன்.

துரை சிரித்தார். தோட்டத்தில் யாரும் அதுவரை கேட்டிராத சிரிப்பு. சிரித்தவர் மூச்சை இழுத்தார். இழுத்ததும் தூசி உள்ளே போய்த் தும்மல் வந்தது. மூன்று தும்மல். மூன்றாவதில் "ஆ" என்று ஒரு சத்தம். பிறகு அவர் அசையவில்லை.

முதுகு பிடித்துக்கொண்டது. முன்பு பிடித்த அதே இடம்.

உட்கார வைக்கப் பார்த்தோம், முடியவில்லை. நிற்க வைக்கப் பார்த்தோம், இங்கிலீஷில் திட்டினார். (அந்தச் சொற்கள் என் அகராதியில் இல்லை. அன்றிரவு தேடிப் பார்த்தேன்.) பங்களா முக்கால் மைல் தூரத்தில் மேட்டில் இருக்கிறது. அந்தப் பாதையில் கார் வராது. ஒரே வழிதான் இருந்தது. நான்கு ஆட்களைக் கூப்பிட்டு, துரையை மஞ்சத்தோடு தோளில் தூக்கினோம். கழுத்தில் மாலை அப்படியே இருந்தது, கழற்ற யாருக்கும் தோன்றவில்லை. நான் பக்கத்தில் மஞ்சத்தின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். எனக்கு வேலை போய்விட்டது என்பதில் சந்தேகமே இல்லை. அன்று மாலைக்குள் தோட்டத்தை விட்டு அனுப்பும் பத்துச்சீட்டு கையில் வந்துவிடும், பெட்டியைக் கட்டவேண்டியதுதான். என் வேலையோடு பள்ளிக்கூடமும் போய்விட்டது.

பாதை லயத்து வாசல் வழியாகப் போகிறது. தீபாவளி என்பதால் எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். இப்போது அவர்கள் கண்ணால் பாருங்கள். நான்கு பேர் தோளில் ஒரு மனிதர். மல்லாக்கப் படுத்திருக்கிறார். வெள்ளைத் துணி. கழுத்தில் மாலை. அசைவில்லை. பக்கத்தில் தலைகுனிந்தபடி பள்ளிக்கூட மாஸ்டர்.

தப்புச் சத்தம் நின்றது. ஒரு பெரியவர் தலைப்பாகையைக் கழற்றினார். பிறகு லயத்து மூன்றாவது காம்பரா வீட்டுக் கிழவி கறுப்பாயி மாரில் அடித்துக்கொண்டு தொடங்கினாள். ஒருத்தி தொடங்கினால் மற்றவர்கள் விடுவார்களா? வரிசையாக வந்து சேர்ந்துகொண்டார்கள். துரை கொடுத்த கம்பளி, அம்மன் திருவிழாவுக்கு விட்ட லீவு, பிரசவத்துக்கு அனுப்பிய வண்டி, எல்லாம் ராகத்தோடு வந்தன.

மேலே படுத்திருந்தவர் வெகுநேரம் காதுகொடுத்துக் கேட்டார்.

"மாஸ்டர். அவங்க என்னா சொல்றது?"

"துரை ரொம்ப நல்லவர்னு சொல்றாங்க."

"உசுரோட இருக்கப்ப ஒருத்தியும் சொல்லல்லே," என்றார். பிறகு, "நான் சாவல்லே. அவங்களுக்குச் சொல்லு."

நான் சொல்வதற்குள் அவரே சமாதானமாகக் கையைத் தூக்கி ஆட்டினார். அதுதான் தப்பாகப் போனது. பிணம் கையாட்டினால் யார் நிற்பார்கள்? கறுப்பாயி அந்த வயதில் ஓடிய ஓட்டத்தை லயத்தில் இன்னும் சொல்கிறார்கள்.

அந்த நேரத்தில் மழை வந்தது. அந்த ஊர் மழை முன்னறிவிப்புக் கொடுக்காது. துணி நனைந்தது, மெத்தை நனைந்தது, மெத்தைக்குள் இருந்த தேயிலைத் தூசி நனைந்தது. பச்சைத் தண்ணீரிலும் தேயிலைச் சாயம் இறங்கும் என்பதை அன்று கண்டேன். மஞ்சத்தின் அடியிலிருந்து செம்பழுப்பாகச் சொட்டச் சொட்ட, தூரத்தில் நின்ற ஒருத்தி, "ஐயோ, ரத்தம்," என்றாள். என் சட்டைப்பையில் இருந்த டயரியில் அந்தச் சாயம்தான் ஊறியது. துரையின் வெள்ளை டிரில் கோட்டு முதுகுப் பக்கம் அருமையான தேநீர் நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது.

ஒதுங்க ஒரே இடம்தான் இருந்தது. பெரட்டுக்களத்துக் கொட்டகை. ஓடிப்போய் மஞ்சத்தை இறக்கினோம்.

இறக்கியதும் துரையின் நெற்றியில் 'டப்' என்று ஒரு சொட்டு விழுந்தது. அடுத்தது கண்ணில்.

"நாலாம் நம்பர்," என்று என்னை அறியாமல் சொல்லிவிட்டேன். "ரெண்டடி இந்தப் பக்கம் நகர்த்துங்க."

நகர்த்தினோம். மூக்கில் விழுந்தது.

"அது ஏழு. தப்பு என்னுடையது. இன்னும் கொஞ்சம் மேலே. இல்லை, அங்கே மூன்று."

துரை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். மல்லாக்கப் படுத்திருந்த அவரால் வேறு எதையும் பார்க்க முடியாது. என்னைப் பார்க்கலாம், அல்லது கூரையைப் பார்க்கலாம்.

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"இலக்கம் போட்டிருக்கேன் துரை."

"எத்தனை இருக்கு?"

"பதினொண்ணு. படம் போட்டு மனுவோட அனுப்பினேன்."

அவர் கூரையில் ஒவ்வொன்றாகத் தேடினார். உதடு அசைந்தது, எண்ணுகிறார் என்று தெரிந்தது. பிறகு கேட்டார்: "பிள்ளைங்க எங்க ஒக்காரும்?"

மஞ்சத்தை ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில் வைத்தோம். சட்டம் மட்டும்தான் அந்த இடத்துக்குள் அடங்கியது. வெளியே நீட்டிய பூட்ஸ் இரண்டிலும் ஒன்பதாம் இலக்கம் சொட்டியது. முப்பத்தைந்து நிமிடம் மழை விடவில்லை. முப்பத்தைந்து நிமிடமும் அவர் அங்கேதான் கிடந்தார். ஒரு தடவை, "நாப்பத்திரண்டு பேரா?" என்றார். ஆமாம் என்றேன். அவ்வளவுதான் பேச்சு. மழை விட்ட பிறகும் ஏழாம் இலக்கம் சொட்டிக்கொண்டே இருந்தது. அதையும் திரும்பிப் பார்த்தார்.

மூன்றேகாலுக்குப் பங்களா போய்ச் சேர்ந்தோம். அந்தோணி கதவைத் திறந்தார். துரையையும் மஞ்சத்தையும் பழுப்புக் கோட்டையும் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. நீட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

கங்காணி வீட்டில் நாலு மணிக்கு விழித்தாராம். துரையையும் காணோம், ஒரு மஞ்சத்தையும் காணோம், மாஸ்டரையும் காணோம். சிவகாமியிடம், "தொரை ஒத்துக்கிட்டாரா?" என்று கேட்டாராம்.

நான் பெட்டியைக் கட்டி வைத்தேன். புத்தகங்களை உயர வரிசைப்படி அடுக்கினேன். சரித்திரப் புத்தகத்தை மட்டும் வெளியே வைத்தேன், அதைக் கொண்டுபோக மனமில்லை. மறுநாள் ஒன்றும் வரவில்லை. சுவர் இடிக்கும் நாளும் வந்தது. காலையில் கடப்பாறைச் சத்தம் கேட்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு பாடம் நடத்தினேன். கேட்கவில்லை. ஐந்தாம் நாள் அந்தோணி கொட்டகைக்கு வந்து ஒரு கடிதத்தையும் பெரிய சாவி ஒன்றையும் என் நாற்காலியில் வைத்தார். கடிதம் மூன்று வரி. பழைய அரிசி ஸ்டோர் பள்ளிக்கூடத்துக்கு. பெஞ்சுகளை ஆசாரி செய்து தருவார். பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கவேண்டும், படுத்து அல்ல.

மூன்றாவது வரியின் அடியில் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தது.

அந்தோணியிடம், கார் எங்கே நிற்கும் என்று கேட்டேன்.

"மழையிலதான் மாஸ்டர்," என்றார். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில்.

மீந்த இரண்டு மஞ்சங்களின் காலை வெட்டி, மேலே பலகை அடித்து, முதல் வகுப்புக்கு நீளப் பெஞ்சாக்கினோம். முதல் மழை நாளில் பிள்ளைகள் பழக்கத்தில் சிலேட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு கூரையையே பார்த்திருந்தார்கள். எதுவும் விழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒருத்தி சிலேட்டை வெளியே எடுத்து மடியில் வைத்தாள். பிறகு எல்லாரும். அன்றைய டயரியில் 'மழை. ஏழாம் வாய்ப்பாடு முடிந்தது' என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

கங்காணி தான் தூங்கியதைக் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. கண்ணை மூடி அம்மனை வேண்டிக்கொண்டிருந்தாராம், அதனால்தான் காரியம் பலித்ததாம். வருகிறவர்களிடமெல்லாம், "நான் படுத்துக்கிட்டே வாங்கிக் குடுத்த பள்ளிக்கூடம்ங்க இது," என்பார். மறு வருடம் நான் சிவகாமியைப் பெண் கேட்டுப் போனபோது அவர் போட்ட ஒரே நிபந்தனை, கல்யாணச் சாப்பாடு பாயில் உட்கார்ந்துதான் என்பது. சிவகாமியும் ஒரு நிபந்தனை போட்டாள். இனி எதற்கும் மூன்றாவது ஆதாரமாகத் தன்னைக் கேட்கவேண்டும். இன்றுவரை கேட்கிறேன்.

இப்போது எனக்கு நாற்பத்து நான்கு. ஞாயிற்றுக்கிழமை பகலில், கட்டிலில் ஒருக்களித்து முழங்கையை ஊன்றிக்கொண்டு ஒரு வடையைக் கையில் எடுத்தால் போதும், சிவகாமி பிள்ளைகளைப் பார்த்துச் சொல்வாள்: "சத்தம் போடாதீங்க. அப்பா இன்னொரு பள்ளிக்கூடம் வாங்கப் போறாங்க." உடனே சின்னவள் கறுப்பாயிக் கிழவி மாதிரி மாரில் அடித்துக்கொள்வாள். பெரியவன் மூன்று தடவை தும்முவான். இருபது வருடமாக நான் எங்கள் வீட்டில் நிம்மதியாகச் சாய்ந்து ஒரு வடை தின்றதில்லை.

அவர்கள் சிரிக்கட்டும். ஆனால் இங்கே ஒன்றை ஒழுங்காகப் பதிந்துவைக்கிறேன். பள்ளிக்கூடத்தில் இப்போது நூற்றுப் பதினெட்டுப் பிள்ளைகள். அரிசி ஸ்டோர் போதவில்லை, இன்னொரு அறை கட்டாயம் வேண்டும். இரண்டு மனு அனுப்பிவிட்டேன், இரண்டாவதோடு படமும் இணைத்திருக்கிறேன். பதில் இல்லை. போன வாரம் பாதையில் அந்தோணியைப் பார்த்தேன். தலை நரைத்தும் இன்னும் பங்களாவில்தான் இருக்கிறார். இந்த முறை கேள்விகளை முன்கூட்டியே எழுதி எடுத்துப் போயிருந்தேன். புதுத் துரை நேராக உட்கார்ந்துதான் சாப்பிடுகிறாராம். முதுகில் ஒரு குறையும் இல்லையாம். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து சிவகாமியிடம் சொன்னேன். அவள் வடைக்கு உளுந்து ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்சம் யோசித்தாள்.

"தீபாவளிக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு," என்றாள். "ஆசாரியைப் பாத்துட்டு வாங்க. இந்தத் தடவை ஒங்க கட்டிலுக்கு மட்டும் நல்ல துணியாப் போடச் சொல்லுங்க."